வெள்ளைப் பூச்சுக்கு அடியில்

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 6

நடீன் அக்காவுக்கு,

அந்தக் கூரை உன்னைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. மரம் எப்படி அழுகுகிறது என்பதைக் கல்லூரியில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள் இப்படிச் சொல்வது உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்காத பலகையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது.

இரண்டு வருஷமாக ஒரு வரி இல்லை. இப்போது அரிசோனாவிலிருந்து கள்ளிச்செடி படம் போட்ட ஓர் அட்டை, அதன் பின்புறத்தில் இந்த ஒரு கேள்வி. நலமா என்றுகூட இல்லை. பரவாயில்லை.

சில விவரங்கள் வேண்டும். உன் சக்கர வீடு, அந்த டிரெய்லர், எந்த இடத்தில் ஒழுகுகிறது? எப்போதிலிருந்து? வெர்ன் அத்தான் போன பிறகு யாராவது மேலே ஏறினார்களா? நனைந்த பலகை கண்ணுக்குக் கெட்டதாகத் தெரிவதற்கு முன்பே பலத்தை இழந்துவிடும். நிறம் அப்படியே இருக்கும், காலை வைத்தால் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, நீ எதற்கு ஏற வேண்டும்? இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டவள் நீ. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

வெர்னை அடக்கம் செய்த அன்று, "இந்தத் தகரப் பெட்டியை வித்துட்டு என்கூட வந்துடு" என்று சொன்னேன். நீங்கள் இருவரும் வாழ்ந்த வீட்டை நான் அப்படிச் சொன்னதற்காகத்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று தெரியும். அந்தச் சொல் தவறு. யோசனை தவறில்லை. மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

போனில் வேண்டாம். போனில் நாம் எங்கே போய் முடிவோம் என்று இருவருக்கும் தெரியும்.

கேரின்

*

அரிசோனா
அக்டோபர் 15

கேரின்,

பாடம் நடத்தாம உனக்கு ஒரு பதில் எழுத வராது. அதுக்குத்தான் அட்டையில கேட்டேன், கேள்வி சின்னதா இருந்தா பதிலும் சின்னதா வரும்னு.

சரி, விவரம் கேட்டியே. நாங்க எல்லாரும் டிரெய்லரை நிறுத்தி வாடகை குடுக்கற இந்த எடத்தைப் புதுசா ஒரு கம்பெனி வாங்கியிருக்கு. பத்து வருஷத்துக்கு மேல ஆன டிரெய்லரையெல்லாம் டிசம்பர் ஒண்ணாந்தேதி அவங்க ஆள் வந்து பாப்பானாம். ஒழுகினா, கூரை கெட்டிருந்தா, எடத்தைக் காலி பண்ணணும். என்னோடதுக்குப் பத்தொன்பது வயசு. இழுத்துட்டுப் போலாம்னா டிரக் இல்ல, வெர்னோட ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை வித்தாச்சு. டிரக் இருந்தாலும் இவ்வளவு பழசை வேற எந்த எடத்துலயும் உள்ள விடமாட்டாங்க. எல்லா எடத்துலயும் இதே பத்து வருஷக் கணக்குதான். ஆக, இங்கேருந்து நகர்ந்தா அது நேரா காயலாங்கடைக்குத்தான் போகும். புரிஞ்சுதா? கூரை போச்சுன்னா வீடு போச்சு.

ஒழுகறது குளியலறைப் பக்கம். ஆகஸ்ட் புயல்ல ஆரம்பிச்சது. இப்ப கட்டிலுக்கு மேல காபி கொட்டினாப்ல ஒரு கறை. படுத்தா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

வெர்ன் இருந்தவரைக்கும், வடக்கேருந்து குளிருக்குத் தப்பிச்சு வர்ற குளிர்கால ஜனங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் ஏறுவாரு. மெத்துன்னு ஒரு பழைய ஷூ போட்டுக்கிட்டு, கழுவி, மூட்டு மூட்டா இருக்கற பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வச்சு அடைச்சுட்டுத்தான் எறங்குவாரு. நான் கீழே குழாயைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அவரு போனதும் ஒரு வருஷம் யாரும் ஏறல. போன வருஷம் பக்கத்து டிரெய்லர் பாய்ட், "நீ சும்மா உக்காரு, நான் பாத்துக்கறேன்"னு ஏறி, வாளி வாளியா வெள்ளைப் பூச்சை ஊத்தித் தேச்சுட்டு எறங்கிட்டான். இங்க எல்லாரும் அதான் பண்றாங்க. சூடு எறங்காது, கூரையும் புதுசாட்டம் தெரியும். கழுவினானா, சுரண்டினானான்னு நான் கேக்கல. ஆப்பிள் பை செஞ்சு குடுத்தேன், தின்னுட்டுப் போனான்.

போன வாரம் ஏணியில ஏறி ஒரு காலை வச்சுப் பாத்தேன். பாத்தா பளிங்கு மாதிரி இருக்கு. வச்சா பாலில ஊறின ரொட்டி மாதிரி உள்ள போகுது. எடுத்துட்டேன். பாய்ட் கீழேருந்து, "உனக்குக் கூரை போதாது நடீன், பாலம் கட்டணும்"ங்கறான். "உன் வாயையே தாங்கற ஊரு, என்னைத் தாங்காதா"ன்னேன்.

ஆளை வைக்கலாம்தான். சீசன் ஆரம்பிச்சாச்சு, கேட்ட ஆளுங்க எல்லாம் ஜனவரிங்கறாங்க. நீ பணம் அனுப்பறேன்னு ஆரம்பிக்காதே.

மாடி அறை காலியா இருக்குன்னு ரெண்டு வருஷமா சொல்றே. இருக்கட்டும். இங்க சலவை மெஷின் மக்கர் பண்ணினா நடீனைக் கூப்பிடுன்னு சொல்லுவாங்க. உன் ஊர்ல நான் யாரு? புரொபசரோட அக்கா. யாராவது வந்தா மாடியிலேருந்து எறங்கி வந்து சிரிக்கணும்.

நடீன்

*

டுலூத்
அக்டோபர் 22

அக்கா,

நீ ஏறத்தான் போகிறாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். ஏறு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

பாய்ட் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் எது பலகை, எது பலகையாக இருந்தது என்று இப்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே புகுந்த தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லை.

முதலில் உள்ளேயிருந்து ஆரம்பி. கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் வண்டியின் அகலவாக்கில் போகும். மேல்தட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ, கெட்டியான ஓசை வரும் இடம்தான் சட்டம். அந்த இடங்களை வெளிச்சுவரின் மேல்விளிம்பில் சாக்பீஸால் குறித்துக்கொள். மேலே போனதும் அந்தக் குறிகள்தான் உனக்குக் கண்.

வண்டியின் பின்னால் பொருத்தியிருக்கும் ஏணியைத் தொடாதே. அதைப் பிடித்திருக்கும் திருகுகளும் அதே ஈரத்தில்தான் இருக்கின்றன. தனி ஏணியைச் சாய்த்து, மேலே கட்டி, கீழே ஒருவரை நிறுத்து. காலைப் பனி முழுதும் காய்ந்த பிறகு ஏறு. கூரைமேல் விரித்திருக்கும் ரப்பர் நனைந்திருந்தால் சோப்பில் நடப்பதுபோல வழுக்கும். காற்று இருந்தால் அன்று வேண்டாம்.

நிற்காதே. இரண்டு பிளைவுட் பலகைகள் வாங்கு, ஒவ்வொன்றும் மூன்று சட்டங்களுக்காவது குறுக்கே படுக்கிற நீளம் இருக்க வேண்டும். அடியில் பழைய கம்பளத் துண்டு ஒட்டிக்கொள், நழுவாது, ரப்பரையும் கிழிக்காது. ஒரு பலகையில் முட்டிபோட்டபடி அடுத்ததை முன்னால் தள்ளி, அதற்கு மாறி, பின்னால் விட்டதை இழுத்துக்கொள். எடை ஒரே இடத்தில் இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். விளிம்புப் பக்கமே போகாதே. பின்பக்கமாக ஊராதே. தடுமாறினால் கூரைமேல் நிற்கும் ஏசியையோ, உள்ளே காற்று வர வைத்திருக்கும் காற்றுக்கூண்டையோ பிடிக்காதே, படுத்துவிடு.

குளியல் தொட்டிக்கு மேல் வெளிச்சத்துக்காக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, பாய்ட் அதன்மேலும் பூசியிருக்கிறாரா? அப்படியானால் அது கூரை போலவே தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கண்டுபிடி.

நீ என்னிடம் கேட்டது மரத்தைப் பற்றி. வேறு எதையும் கேட்கவில்லை. அதனால் வேறு எதையும் எழுதவில்லை.

கேரின்

*

அரிசோனா
நவம்பர் 3

கேரின்,

ஏறினேன். முழுசா எறங்கியும் வந்தேன். அதை முதல்லயே சொல்லிடறேன்.

நீ சொன்னபடியே எல்லாம். பெட் ரூம் மேல்தட்டைத் தட்டிக்கிட்டே போனதுல கழுத்து புடிச்சுக்கிச்சு. எதிர் டிரெய்லர் டோரீன் ஏணியைப் புடிச்சா. அவ முப்பது வருஷம் நர்ஸ். "விழறதா இருந்தா முன்னாடியே ஒரு குரல் குடு, தள்ளி நின்னுக்கறேன்"ங்கறா. பாய்ட் நாற்காலி போட்டு உக்காந்துட்டான். "சர்ச்சுலகூட நீ இப்படி முட்டி போட்டதில்லியே"ன்னான். "சர்ச்சுக் கூரையில நீ பெயிண்ட் அடிக்கலியே"ன்னேன். பாவம், முகம் தொங்கிப்போச்சு.

பிளாஸ்டிக் மூடி மேலயும் பூசித்தான் இருந்தான். கையால தடவித் தடவிக் கண்டுபிடிச்சேன். நீ சொல்லாம இருந்திருந்தா அங்கதான் முட்டியை வச்சிருப்பேன். நன்றின்னு சொல்லணும். சொல்லிட்டேன்.

பலகை ரெண்டும் நல்லாத் தாங்குச்சு. அதுக்கு அடியில இருந்ததுதான் தாங்கல. காத்துக்கூண்டுகிட்ட கத்தியால ஒரு கீறல் போட்டு ரப்பரைத் தூக்கினேன். பலகையே இல்ல கேரின். ஈரமான காபித்தூள் மாதிரி ஒண்ணு விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கீறினேன், அதேதான். கட்டில் வரைக்கும் அதேதான். மூடி ஒட்டிட்டு எறங்கி வந்தேன். "எப்படி இருக்கு"ன்னு டோரீன் கேட்டா. "காத்து நல்லா இருக்கு"ன்னேன்.

இப்ப கேக்கறதைக் கோபப்படாம படி. கூரை நல்லா இருக்குன்னு தகுதி இருக்கறவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டா கம்பெனிக்குப் போதுமாம். இந்த எடத்து ஆபீஸ்ல உக்கார்ற ட்ரென்ட் சொன்னான். உன் கல்லூரித் தாள்ல ரெண்டு வரி. மரம் படிச்ச புரொபசர் சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்? அதை வச்சு இந்தக் குளிர்காலத்தை ஓட்டிடுவேன். ஜனவரியில ஆள் கிடைச்சா பிரிச்சு மாத்திடலாம். அதுவரைக்கும் மழையும் கிடையாது இங்க.

உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. யோசிச்சுப் பாரு, கேட்டிருக்கேனா?

நடீன்

*

டுலூத்
நவம்பர் 9

அக்கா,

இல்லை, நீ கேட்டதில்லை.

எழுதிப் பார்த்தேன். இரண்டே வாக்கியம். படிக்கச் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

அந்தத் தாளை நம்பி யாராவது ஏறுவார்கள். ஏசி பார்க்க வருபவனோ, கம்பெனியின் ஆளோ. அவர்களிடம் பலகைகள் இருக்காது, நின்று நடப்பார்கள். அந்தக் கூரையின் கீழே நீ படுத்திருக்கிறாய் என்பதையும் நான் மறக்கவில்லை. தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுவேன். இது எனக்குத் தெரிந்திருக்கிறதே.

இந்த மாதக் கடைசியில் நன்றி நாள் விடுமுறைக்கு வருகிறேன். கருவிகளோடு வருகிறேன். மாற்ற முடிந்தால் இருவரும் சேர்ந்து மாற்றுவோம்.

கேரின்

*

அரிசோனா
நவம்பர் 15

கேரின்,

ஏறப்போறவன் பேர் உனக்குத் தெரியாது. வெளிய போகப்போறவ பேர் தெரியும். அவனுக்காகக் கவலைப்படறே.

வரணும்னா வா. கதவு தெறந்துதான் இருக்கும். வெர்ன் இருந்தா உன்னைக் கூட்டிட்டு வர ஏர்போர்ட் வரைக்கும் வந்திருப்பாரு. நான் வரமாட்டேன், வண்டியும் இல்ல.

நடீன்

*

ஆல்பகெர்க்கி பஸ் நிலையம்
நவம்பர் 30

கேரின்,

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. பக்கத்துல ஒரு பொண்ணு பேப்பரும் பேனாவும் குடுத்தா. அங்க ட்ரென்டோட ஆபீஸ் விலாசத்துக்குப் போடறேன், நீ அரிசோனாவை விட்டுக் கெளம்பறதுக்குள்ள கெடைச்சா கெடைக்கட்டும்.

உன்கூட டுலூத்துக்கு விமானத்துல வரமாட்டேன்னு சொன்னதுக்கு முழங்காலைக் காரணம் சொன்னேன். பொய். உன் பக்கத்துல அவ்வளவு நேரம் உக்கார முடியாது, அதான்.

நேத்திலேருந்து எனக்கு அந்தக் கூரையேதான் ஞாபகம். நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பலகையில முட்டி போட்டுக்கிட்டு, நீ குத்தூசியை எடுத்து ஒவ்வொரு எடமா அழுத்தினியே. பிடி வரைக்கும் உள்ள போச்சு. எடுத்துத் தொடைச்சே, அடுத்த எடம். "இங்க?"ன்னு கேட்டேன். நீ ஊசியை நகர்த்தி வச்சே. "இங்கயாவது?"ன்னேன். "அக்கா, சட்டமே போயிடுச்சு"ன்னே. அந்த நேரத்துல நீ ஒரு பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். உனக்கு அது வராது. சின்ன வயசுலயும் வராது. உடைஞ்ச ஜாடி யாரு உடைச்சதுன்னு அம்மா கேட்டா, நான் முழிக்கறதுக்குள்ள நீ சொல்லிடுவே.

கீழே எறங்கினதும் கணக்குப் போட்டுச் சொன்னே. ஒண்ணாந்தேதிக்குள்ள மாத்த முடியாது. ஆள் வந்து தள்ளுபடி பண்ணினா கம்பெனியே இழுத்துட்டுப் போயி, அந்தக் கூலியையும் என் தலையில கட்டும். நாமளே முன்னாடி கூப்பிட்டா காயலாங்கடைக்காரன் சும்மா எடுத்துட்டுப் போவான். எல்லாம் சரிதான். நீ சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பு இல்ல. கூப்பிடுன்னு நான்தான் சொன்னேன். உன்னைக் குத்தம் சொல்லல.

காயலாங்கடைக்காரன் சங்கிலி மாட்டி இழுத்தப்ப வாசப்படி கழண்டு விழுந்துது பாரு. வெர்ன் வச்ச படி. பாய்ட் அதை ஓடிப்போயி எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னான், யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம. டோரீன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "சலவை மெஷினை யாரு பாப்பா இனிமே"ன்னா. அழுதுக்கிட்டே அதைத்தான் கேட்டா.

உன் வீட்டுச் சாவி என் பர்ஸ்ல இருக்கு. ரெண்டு நாள்ல போய்ச் சேருவேன். மாடியில எந்தப் பக்கம் ஜன்னல்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல.

நடீன்

*

அரிசோனா
நவம்பர் 30

அக்கா,

இதை என் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். இது வரும்போது நீ அங்கே இருப்பாய்.

ட்ரென்டிடம் இடத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். டிரெய்லர் நின்ற இடத்தில் சரளைக் கல் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. உன் பூந்தொட்டிகளை டோரீன் எடுத்துக்கொண்டாள். பொதுக்கூடத்தில் இன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். உன்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதில் பாதி எனக்குத் தெரியாதவை. நீ இரண்டு வருஷம் இங்கே தனியாக இருந்தாய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய்ட் மட்டும் தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது பக்கத்தில் வந்து, "நான் நல்லதுக்குத்தான் பூசினேன்மா" என்றார். தெரியும் என்றேன். "சுரண்டியிருந்தா?" என்றார். அப்போதே தெரிந்திருக்கும் என்றேன். ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

வலது பக்க அறையை எடுத்துக்கொள். ஏரி தெரியும். நாளை கம்பெனி ஆள் வருகிறார், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 1

மடித்து வைத்ததைப் பிரித்து எழுதுகிறேன். அனுப்பாமல் விடலாமா என்று யோசித்தேன். எப்படியும் டோரீன் உனக்கு எழுதிவிடுவாள். என்னிடமிருந்து வருவது மேல்.

காலை பத்து மணிக்கு மேல் அந்த ஆள் வந்தார். இளைஞன், வெயிலுக்குத் தொப்பிகூட இல்லை. ட்ரென்டோடு வரிசையாக நடந்தார். ஒவ்வொரு டிரெய்லரையும் தரையில் நின்றபடியே ஒரு படம் எடுத்தார். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் வருஷத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. பாய்ட் தன் கூரை நன்றாக இருக்கிறது என்று யாரிடமோ எழுதி வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அதையும் கேட்கவில்லை.

உன் இடத்துக்கு வந்ததும், "இங்க ஒண்ணு இருக்கணுமே" என்றார்.

"இருந்தது. முந்தாநாள் எடுத்துட்டாங்க" என்றேன்.

"ஏன்?"

"கூரை போயிடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள மாத்த முடியல."

அவர் ட்ரென்டைப் பார்த்தார். ட்ரென்ட் தரையைப் பார்த்தார். "இந்த வருஷம் சும்மா கணக்கெடுக்கத்தாங்க வந்தேன்" என்றார் அந்தப் பையன். "யாரையும் வெளிய அனுப்பறதுக்கு இல்ல. அடுத்த வருஷம்தான் அதெல்லாம்." பிறகு, "சாரி மேடம்" என்றார். நல்ல பையன்தான்.

தன் பட்டியலில் உன் இடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முழு வரிசையும் முடிந்துவிட்டது. யாரும் எந்த ஏணியிலும் ஏறவில்லை.

கேரின்